அசையாமல் உட்கார்

ஜனவரி 9

மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மேலே ‘மதினி’ என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் தம்பிக்கும் எனக்கும் உறவு முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் முடிந்தது அவரோடுதான். உங்களோடும் முடிந்ததென்று யாரும் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கவில்லை. ஆகையால் நீங்கள் எனக்கு இன்னும் மதினிதான். மதினியாக இருப்பதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

நேற்று நம் பிள்ளை பம்பரத்தின் அரையாண்டு மதிப்பெண் அட்டையை வாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியையின் மேஜையில் ஒரு கடிதம் கிடந்தது. சிவப்பு மை. ஓரம் விட்டு, அடிக்கோடு போட்டு எழுதியது. கணக்கு நோட்டு திருத்தித் திருத்திப் பழகிய கை எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. ‘மாணவியின் தந்தை வீட்டார் மதிப்பெண் விவரம் கோருகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் மதினி, என்னைக் கேட்டால் நான் சொல்லமாட்டேனா? சொல்லியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

சரி, என் கையாலேயே எழுதுகிறேன், வைத்துக்கொள்ளுங்கள். குர்ஆன் மனனம் 98. தமிழ் 44. கணக்கு 27. அறிவியல் 31. பாஸ் 40. பிரிந்தபோது மூன்று பெரியவர்கள் முன்னால் எழுதிய காகிதம் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஆண்டுத் தேர்வில் ஒரு பாடத்தில் தவறினாலும் பிள்ளை அடுத்த வருஷம் வாப்பா ஊருக்கு வந்து விடுதிப் பள்ளியில் சேர வேண்டும். எனக்கு எழுத்துக்கு எழுத்து மனப்பாடம். நீங்கள் சிவப்பு மையில் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

நான் காலை ஏழு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை கார் ஓட்டத் தெரியாத பெண்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் உயிரையும் அவர்கள் உயிரையும் என் பக்கத்து பிரேக்கில் வைத்துக்கொண்டு சம்பாதிக்கிறேன். அதற்குப் பிறகு பிள்ளைக்குப் பாடம் கேட்கிறேன். உங்கள் தம்பி ஊருக்கெல்லாம் நாற்காலி செய்து கொடுக்கிறவர். ஒன்பது வருஷத்தில் ஒரு நாளாவது என் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பாரா? நின்றுகொண்டே சாப்பிட்டார், நின்றுகொண்டே பேசினார், நின்றுகொண்டே கிளம்பிப் போனார். அவரா என் பிள்ளையின் படிப்பைப் பார்க்கப் போகிறார்?

போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நாம் கத்த ஆரம்பித்துவிடுவோம். அதனால்தான் கடிதம்.

பம்பரத்தின் உம்மா


ஜனவரி 16

பம்பரத்தின் உம்மாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. பள்ளிக்கு எழுதியது நான்தான். உங்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். அது தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் காகிதம் தவறு என்று நான் சொல்லமாட்டேன். தம்பிக்குப் பிள்ளை மேல் ஆசை மட்டும் இல்லை, பயமும் இருக்கிறது. அவன் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவன் மகளும் அப்படி நின்றுவிடக் கூடாது என்று நினைக்கிறான். அதை வாயால் சொல்ல அவனுக்கு வராது. எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறான், சாப்பிட மட்டும் கீழே வருகிறான், நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

நான் இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். 27 என்ற எண் எனக்கு எதுவும் சொல்லவில்லை. குர்ஆனில் 98 வாங்குகிற பிள்ளைக்கு ஞாபகசக்திக் குறை என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே கேட்கிறேன், கோபப்படாமல் பதில் எழுதுங்கள். அவளுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் எழுத வரவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய். இத்துடன் பத்துக் கணக்கு வைத்திருக்கிறேன். அரை மணி நேரம் கொடுத்துப் பார்த்துவிட்டு விடைத்தாளை அனுப்புங்கள்.

கருப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

பிள்ளையின் அத்தை


ஜனவரி 29

மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கருப்பு மைக்கு நன்றி. ஆனாலும் படிக்கும்போது சிவப்பாகத்தான் தெரிந்தது.

கோபப்படாமல் எழுதச் சொன்னீர்கள். முதலில் கோபத்தை எழுதிவிடுகிறேன், பிறகு பதில். போன வாரம் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ரொம்ப மெதுவாகப் பேசினார். “உம்மா மட்டும் இருக்கிற வீட்டுப் பிள்ளைங்க படிப்புல கொஞ்சம் பின்தங்கத்தான் செய்வாங்க, நீங்க மனசு கஷ்டப்படாதீங்க” என்றார். வருகைப் பதிவேடு அவர் முன்னால் திறந்தபடி இருந்தது. சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. பம்பரத்துக்கும் ஒரு புள்ளி. தலைகீழாகப் படிப்பது எனக்குப் பழக்கம், லைசென்ஸ் ஆபீசில் கற்றுக்கொண்டது. எண்ணிப் பார்த்தேன், மொத்தம் ஏழு புள்ளி, ஏழும் வாப்பா இல்லாத வீட்டுப் பிள்ளைகள். அந்த ஏழில் ஒருத்திதான் வகுப்பில் முதல். இன்னொருத்தி மூன்றாவது. அதைச் சொன்னேன். அந்த அம்மா பதிவேட்டை மூடிவிட்டார். எழுந்து வரும்போது மனசு குளிர்ந்திருந்தது.

இனி உங்கள் பத்துக் கணக்கு. பத்துக்கு மூன்று. விடைத்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து, ஃபேனைப் போட்டு, எதிரில் நானும் உட்கார்ந்தேன். மதினி, அது படிக்கிற பிள்ளை மாதிரியே இல்லை. போட்டோ எடுக்க நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது. முதுகு நேராக, கை மேஜை மேல், கண் தாளில். முதல் மூன்று கணக்கைப் போட்டாள். நாலாவதில் நின்றாள். இருபது நிமிடம் அப்படியே இருந்தாள். சோம்பேறித்தனம் இல்லை. நெற்றியில் வேர்த்திருந்தது.

“எங்கேடி போச்சு எல்லாம்?” என்று கேட்டேன்.

“உள்ளதான்ம்மா இருக்கு. வெளிய வரமாட்டேங்குது” என்றாள்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இரண்டாவது நோய்தான். மருந்து தெரிந்தால் எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே மருந்து, அசையாமல் உட்கார்ந்து படி என்று அதட்டுவது. அதைத் தினமும் மூன்று வேளை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பம்பரத்தின் உம்மா


பிப்ரவரி 6

மதினி,

உங்கள் பதில் வருவதற்குள் எழுதுகிறேன், மன்னிக்கவும். இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

மூன்றரைக்குப் பள்ளி விடும். நாலு மணிக்கு எனக்கு ஒரு பாடம் இருக்கும், வங்கியில் மேலாளராக இருக்கிற ஒரு அம்மா. வீட்டில் ஆள் இல்லாததால் பம்பரம் பின் சீட்டில் ஏறிக்கொள்ளும். வழக்கமாக ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிடும். நேற்று அறிவியல் டெஸ்ட் பக்கத்தில் வந்துவிட்டதே என்று, “தூங்காதே, செரிமானப் பாடத்தைச் சத்தமா ஒப்பி” என்றேன்.

வங்கி அம்மாவுக்குக் கிளட்ச் என்றால் இன்னும் பிடிபடவில்லை. வண்டி முன்னே ஒரு குலுக்கு, பின்னே ஒரு குலுக்கு. அந்தக் குலுக்கலில் பின்னாலிருந்து பாடம் வருகிறது மதினி, தண்ணீர் கொட்டுகிற மாதிரி. வாய், உமிழ்நீர், உணவுக்குழாய், இரைப்பை, ஒன்று விடாமல். என்னால் நம்ப முடியவில்லை. சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது. “சிறுகுடலில்” என்றவள் நின்றுவிட்டாள். “ம், சிறுகுடலில்?” என்றேன். கண்ணாடியில் பார்த்தால் மறுபடியும் அதே போட்டோ முகம். பச்சை விழுந்தது. வங்கி அம்மா ஒரு உதறு உதறி வண்டியை எடுத்தார். “சிறுகுடலில் உணவு முழுமையாகச் செரிக்கப்பட்டு” என்று பாடம் கிளம்பிவிட்டது.

தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த சிக்னலிலும் அப்படியே. மூன்றாவது சிக்னலுக்கு முன்னால் வேண்டுமென்றே என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது, பாடமும் நின்றது. காலை எடுத்தேன், இரண்டும் கிளம்பின.

அப்புறம் நான் செய்தது ஒரு பயிற்சியாளர் செய்யக் கூடாத வேலை. வங்கி அம்மாவை நேராகக் காலி மைதானத்துக்கு விடச் சொல்லி, முதல் கியரிலேயே சுற்றிக்கொண்டிருங்கள் என்றேன். “இன்னிக்கு ரிவர்ஸ் சொல்லித் தர்றதா சொன்னீங்களே” என்றார். ரிவர்ஸ் எங்கும் ஓடிப்போகாது என்றேன். நாற்பது நிமிடம் சுற்றினோம். உங்கள் பத்துக் கணக்கு என் பையிலேயே இருந்தது. ஒவ்வொன்றாக வாசித்தேன், வாயாலேயே விடை சொன்னாள். பத்துக்கு எட்டு மதினி. எட்டு. தப்பான இரண்டும் அவசரத்தில் தப்பானவை. இறங்கும்போது வங்கி அம்மா, “எனக்கும் சிறுகுடல் வரைக்கும் வந்துடுச்சு” என்றார்.

இரவெல்லாம் புரண்டு புரண்டு யோசித்தேன். ஓதும்போது பாயில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டேதானே ஓதுகிறாள்? அங்கே 98. பெஞ்சில் ஆடாமல் உட்காருகிறாள். அங்கே 27. என் புத்திக்கு எட்டியது இவ்வளவுதான். பைத்தியக்காரத்தனமாக இருந்தால் சொல்லிவிடுங்கள். ஆனால் இல்லை என்று சொல்லுங்கள்.

உம்மா


பிப்ரவரி 14

பம்பரத்தின் உம்மாவுக்கு,

முதல் கடிதம் தபாலில் தாமதமாகி, உங்கள் இரண்டு கடிதங்களும் அடுத்தடுத்த நாளில் வந்தன. இரண்டாவதைப் பள்ளி ஓய்வறையில் பிரித்துப் படித்தேன். பக்கத்தில் இருந்த ஆசிரியை உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

பைத்தியக்காரத்தனம் இல்லை. இதை எப்படி எழுதுவதென்று நாலு நாளாகத் தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்தேன்.

தம்பியும் ஆடுவான். சின்ன வயதில், எந்தப் புத்தகத்தை எடுத்தாலும். எங்கள் வாப்பா கண்டிப்பானவர். ஓதும்போது ஆடு, பாடம் படிக்கும்போது ஒழுங்காக உட்கார் என்பார். அவனால் முடியவில்லை. அவனுக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு நாள் வாப்பா அவனை நாற்காலியோடு சேர்த்து ஒரு துண்டால் இடுப்பில் கட்டினார். அன்று அவன் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. மறுநாளும் கட்டினார். பிறகு அதுவே தினப்படி வழக்கமாகிவிட்டது. வாப்பா கடைக்குப் போகும் நாட்களில் முடிச்சுப் போடுவது என் வேலை. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு என் கணக்கைப் போட உட்காருவேன். எனக்கு நூற்றுக்கு நூறு வரும். அவன் மூன்று வருஷத்தில் பள்ளியை விட்டான்.

அதற்குப் பிறகு அவன் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நீங்கள் முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள், ஒன்பது வருஷம் நின்றுகொண்டே இருந்தார் என்று. அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும். உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

‘உன்னிடம்’ என்று எழுதிவிட்டேன். அதை அடித்துத் திருத்தவில்லை, இருக்கட்டும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அவளை உட்காரச் சொல்லாதே. சுவரில் தாளை ஒட்டி நின்றுகொண்டு கணக்குப் போடட்டும். நடந்துகொண்டு ஒப்பிக்கட்டும். வாயால் சொல்வது மட்டும் போதாது, கை எழுதும்போதும் உடம்பு அசையப் பழக வேண்டும், தேர்வு தாளில்தான் நடக்கிறது. பத்து நாள் பார். பிறகு பள்ளியில் பேசு. தம்பியிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அத்தை


பிப்ரவரி 25

மதினிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வண்டியில் கொஞ்ச நேரம் அழுதேன். நீங்கள் முடிச்சுப் போட்டதற்காக இல்லை. நீங்களும் அப்போது ஒரு பிள்ளைதான். ஒன்பது வருஷமும் நான் அந்த மனிதரை, “ஒரு நிமிஷம் உட்கார்ந்தா குறைஞ்சு போயிடுவீங்களா” என்று குத்திக் குத்திக் கேட்டிருக்கிறேன். அவர் ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நாங்கள் சேர்ந்து இருந்திருப்போம் என்று இல்லை. வேறு பல கணக்கும் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. ஆனாலும் அதைக் கேட்காமல் இருந்திருப்பேன்.

இனி சந்தோஷமான செய்தி, நிறைய இருக்கிறது. வீட்டுச் சுவரில் பெயின்ட் தெரியாத அளவுக்குத் தாள் ஒட்டியிருக்கிறோம். சமையலறை வாசலிலிருந்து குளியலறைவரை பின்னங்கள், அங்கிருந்து ஜன்னல்வரை பரப்பளவு. பம்பரம் தொட்டுத் தொட்டு ஆடிக்கொண்டே எழுதுகிறாள். அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவளே நான்தான், எனக்கே உறைக்கவில்லை பாருங்கள்.

ஆனால் முதல் நாள் மாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஏன் என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில் வாயைத் திறந்தாள். “ஓதறதுக்கு மட்டும்தான்ம்மா ஆடணும். கணக்குக்கு ஆடினா பாவம்” என்றாள். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். விசாரித்தால் இப்படி நடந்திருக்கிறது. மூன்றாம் வகுப்பில் இவள் பெஞ்சில் ஆடி, பக்கத்துப் பிள்ளைகளின் எழுத்தெல்லாம் கோணியிருக்கிறது. டீச்சர், குர்ஆன் ஓதிக் கொடுக்கிற ஆலிமாவிடம் சொல்ல, ஆலிமா, “ஆட்டமெல்லாம் ஓதற வகுப்போட இருக்கட்டும்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். பிள்ளை அதை மார்க்கச் சட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டது. மூன்று வருஷமாக உடம்பு தானாக ஆட, இவள் பாவத்துக்குப் பயந்து பெஞ்சின் அடிக்கம்பியில் காலைக் கோர்த்து உடம்பை இழுத்துப் பிடித்திருக்கிறாள். வலது ஷூ மட்டும் உள்பக்கம் தேய்ந்து வருகிறதே என்று வருஷத்துக்கு இரண்டு தரம் நான் திட்டிக்கொண்டிருந்தேன். அவளைக் கட்ட யாரும் துண்டு எடுக்க வேண்டியிருக்கவில்லை மதினி. அவளே கட்டிக்கொண்டாள்.

நேராக ஆலிமாவிடம் போனேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அந்த அம்மா கேட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பம்பரத்தைக் கூப்பிட்டு மடியோடு அணைத்து, “ஓதும்போது ஆடணும்னு யாரும் கட்டளை போடல, மத்த நேரம் ஆடக்கூடாதுன்னும் போடல. அது உடம்போட பழக்கம், அவ்வளவுதான். நான் பெஞ்சுக்காகச் சொன்னேன்” என்றார். பிள்ளையின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அறிவியல் டீச்சர் லேசில் மசியவில்லை. மூன்று பேர் உட்காருகிற பெஞ்சு, ஒருத்தி ஆடினால் மற்ற இரண்டு பேர் எப்படி எழுதுவது என்கிறார். நியாயம்தான். ஆலிமா சொல்லி, சுவர் ஓரமாகத் தனியாக ஒரு பழைய நாற்காலி போட்டிருக்கிறார்கள். அது டக் டக் என்று தாளம் போடுகிறது, வகுப்பே சிரிக்கிறது. இருந்தாலும் போன டெஸ்டில் அறிவியல் 58. ஐம்பத்தெட்டு, மதினி. நான் அந்தத் தாளைப் பர்ஸில் வைத்துக்கொண்டு கார் கற்றுக்கொள்ள வருகிற ஒவ்வொருத்தரிடமும் காட்டுகிறேன்.

தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம். சத்தம் போடாத நாற்காலி எங்காவது கிடைக்குமா என்று தேடுகிறேன்.

உம்மா


மார்ச் 7

உம்மாவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். உன் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டுத் தொழப் போயிருந்தேன். திரும்பி வந்தால் தம்பி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். முந்தைய கடிதங்களும் பக்கத்திலேயே இருந்தன. எல்லாவற்றையும் படித்துவிட்டான். துண்டு விஷயம் நீ எழுதியதில் இருந்ததே.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. “அந்த நாற்காலி எவ்வளவு உயரம்?” என்று மட்டும் கேட்டான்.

எனக்குத் தெரியாது என்றேன். அவன் பட்டறைக்குப் போய்விட்டான். மூன்று நாளாகச் சாப்பிடக்கூட வரவில்லை, பட்டறைப் பையன்களிடம் கொடுத்து அனுப்புகிறேன். கோபமா, வேறு என்னவோ, எனக்குப் புரியவில்லை. நீ பிள்ளையின் முழங்கால் உயரத்தை அளந்து உடனே எழுது. வகுப்பு மேஜையின் உயரமும் வேண்டும்.

எனக்கு என்னவோ பரபரப்பாக இருக்கிறது. கரும்பலகையில் இன்று ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று எழுதிவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது.

அத்தை


ஏப்ரல் 9

மதினிக்கு,

அளவு அனுப்பியதோடு சரி, ஒரு மாதமாக எழுத முடியவில்லை. எங்கே விட்டேனோ அங்கிருந்தே சொல்கிறேன்.

உங்கள் தம்பி செய்த நாற்காலி தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் லாரி ஆபீசுக்கு வந்தது. சாக்குச் சுற்றி, கயிறு கட்டி. உள்ளே துண்டுச் சீட்டு ஒன்றும் இல்லை. பார்க்க சாதாரண நாற்காலிதான். கால்களின் அடி மட்டும் கொஞ்சம் வளைவாக இழைத்து, அதற்கு ரப்பர் ஒட்டியிருக்கிறது. உட்கார்ந்து சாய்ந்தால் முன்னும் பின்னும் ஒரு நாலு விரல் அளவு அசைகிறது. சத்தம் ஒரு துளி இல்லை. பம்பரம் அதில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஆடினாள். பிறகு, “வாப்பாவுக்கு எப்படித் தெரியும்?” என்றாள். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

இனிமேல்தான் அடி. முதல் தேர்வே கணக்கு. மேற்பார்வைக்கு வேறு பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். வீட்டு நாற்காலியெல்லாம் உள்ளே விடமாட்டேன், எல்லாருக்கும் ஒரே பெஞ்சு என்றுவிட்டார். தலைமையாசிரியை அன்று வேறு கட்டடத்தில். எனக்கு இதெல்லாம் மதியம்தான் தெரியும். காலையில் நான் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் பாலத்தில் வண்டி ஏற்றச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, நாற்காலி இருக்கிறது, இனி பயமில்லை என்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன்.

பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரம் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கால் பழையபடி கம்பியில் கோர்த்துக்கொண்டதாம். அப்புறம் எங்கிருந்து தைரியம் வந்ததோ, எழுந்து நின்றாள். “டீச்சர், நான் நின்னுக்கிட்டு எழுதலாமா?” என்று கேட்டாளாம். எங்கும் வாய் திறக்காத என் பிள்ளை. அந்த டீச்சர் சட்டத்தையெல்லாம் யோசித்துப் பார்த்து, நின்று எழுதக் கூடாது என்று எங்கேயும் இல்லை என்று ஜன்னல் திண்டைக் காட்டினாராம். மிச்ச நேரம் முழுக்க ஜன்னல் ஓரம் நின்று, காலை மாற்றி மாற்றி ஆடிக்கொண்டே எழுதியிருக்கிறாள். மூன்று பெரிய கணக்குக்கு நேரம் இல்லை.

மறுநாளிலிருந்து தலைமையாசிரியை நாற்காலிக்கு அனுமதி கொடுத்துவிட்டார். அறிவியலும் தமிழும் நன்றாக எழுதினேன் என்கிறாள். ஆனால் கணக்கு, மதினி? கேள்வித்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். அவள் போட்டதாகச் சொல்கிற கணக்குகளைப் பென்சிலால் குறித்து, எப்படிப் போட்டாள் என்பதையும் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எல்லாம் சரியாக இருந்தால் எவ்வளவு வரும்? நான் கூட்டிப் பார்த்தால் ஒரு தடவை 38 வருகிறது, ஒரு தடவை 45 வருகிறது. உங்களை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உம்மா


ஏப்ரல் 15

தங்கச்சிக்கு,

நாலு தடவை திருத்தினேன். 41 முதல் 44 வரை. ஏழாவது கணக்கில் படிகளுக்கு மதிப்பெண் கொடுக்கிறவர் கையில் போனால் 44. விடையை மட்டும் பார்க்கிறவர் என்றால் 41. இதற்குக் கீழே போகாது. என் மேல் நம்பிக்கை இருந்தால் தூங்கு. நான் தூங்கவில்லை.

முடிவு வரும் நாளன்று தம்பி அங்கே வருகிறான். நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். என்ன பேசுவான் என்று எனக்குத் தெரியாது.

மதினி


ஏப்ரல் 28

மதினி, மதினி, மதினி,

கணக்கு 43. அறிவியல் 66. தமிழ் 59. குர்ஆன் மனனம் 99. பாஸ். எல்லாவற்றிலும் பாஸ். நீங்கள் சொன்ன இரண்டு எண்ணுக்கும் நடுவில் வந்துவிட்டது பாருங்கள்.

உங்கள் தம்பி பத்து மணிக்கே பள்ளிக்கு வந்துவிட்டார். வழக்கம்போலச் சுவரோரம் நின்றார். தலைமையாசிரியை உட்காரச் சொன்னார், இவர் பரவாயில்லை என்றார். அந்த அம்மா அட்டையை எடுத்துக் கொடுக்கப் பதிவேட்டைத் திறந்தார். பம்பரத்தின் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி இல்லை, ரப்பரால் அழித்த தடம் மட்டும் இருந்தது. மற்ற ஆறையும் எட்டிப் பார்த்தேன். அங்கேயும் தடம்தான். அந்த அம்மா என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அட்டையில் ‘தந்தை அல்லது பாதுகாவலர்’ என்று ஒரு கோடு இருக்கிறதே, தலைமையாசிரியை பேனாவை உங்கள் தம்பியிடம் நீட்டினார். அவர் அட்டையை மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்தார். 43-இல் விரலை வைத்தார். பிறகு பேனாவை என் பக்கம் திருப்பினார்.

“பாடம் கேட்டது அவ. அவளே போடட்டும். அந்தக் காகிதமும் இனி வேணாம்” என்றார்.

அவ்வளவுதான் மதினி. ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் சேர்ந்தாற்போலப் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அதுவும் என்னிடம் இல்லை, தலைமையாசிரியையிடம். நான் கையெழுத்துப் போட்டேன். என் பெயர் எனக்கே வாசிக்க வராதபடி கோணிக்கொண்டு போயிற்று.

பம்பரம் வாப்பாவின் கையைப் பிடித்து வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாற்காலியைக் காட்டி, “உட்காருங்க வாப்பா. ஆடலாம், யாரும் திட்டமாட்டாங்க” என்றாள். அவர் அதன் முதுகில் கையை வைத்தார். லேசாக ஆட்டிவிட்டுப் பார்த்தார். உட்காரவில்லை. “எனக்குச் சின்னது” என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

லீவுக்குப் பிள்ளையை உங்களிடம் ஒரு மாதம் அனுப்புகிறேன். காகிதத்துக்காக இல்லை. அவளுக்கு அத்தையைப் பார்க்க வேண்டுமாம்.

உங்கள் தங்கச்சி


மே 2

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை எங்கள் ஓய்வறையில் சத்தமாகப் படித்தேன். கணக்கு டீச்சர்கள் மூன்று பேரும் கைதட்டினார்கள். 43-க்கு யாரும் கைதட்டி நான் பார்த்ததில்லை. பிள்ளையை அனுப்பு, அவளுக்காகக் கூடத்துச் சுவரைக் காலி செய்துவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். தம்பி அங்கிருந்து வந்ததும் நேராகப் பட்டறைக்குப் போய் ஒரு நாற்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். பிள்ளைக்குச் செய்தது போலவே, அதே வளைவு, அதே ரப்பர், பெரியவர்கள் அளவில். இது யாருக்கு என்றேன். அளவு சரியாக வருகிறதா என்று முதலில் ஒன்று செய்து பார்த்ததாகச் சொன்னான். பிள்ளை அளவுக்கு ஏன் பெரிதாகச் செய்து பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

அதை மேஜைக்குப் பக்கத்தில் போட்டான். நான் தட்டை வைத்துவிட்டு, எப்போதும் போல அவன் எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போவான் என்று திரும்பிவிட்டேன். போகும் சத்தம் கேட்கவில்லை.

உட்கார்ந்து சாப்பிட்டான். ஆடிக்கொண்டே.

மதினி